மூன்றாம் தடவை கட்டிய பெட்டி

முதியோர் இல்லத்துக்குப் போகிறவரின் பெட்டியைக் கட்ட அரை நாள் போதும். மனசைக் கட்டத்தான் மாதக்கணக்காகும். அதுதான் ஆலோசகியின் பிழைப்பு.

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்குங்க. சேதியை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. அவ்வளவு பிடிவாதம்!" என்றது போனில் ஒரு பெண்குரல்.

"பக்குவமாச் சொல்லிக்கலாம்மா. மாத்திரையெல்லாம் தானா போட்டுக்குவாரா?"

"நான் எடுத்துக் குடுத்தாத்தான். மூக்கு மேல இருக்கற கண்ணாடியையே வீடு பூரா தேடும்."

"அடுப்புப் பக்கம் போவாரா?"

"விடுவேனா? பாலை வச்சுட்டு மறந்து, பாத்திரமே கரியாப் போச்சு."

'மறதி முற்றிய மாமனார்' என்று ஆலோசகி குறித்துக்கொண்டாள்.

"கிளம்பற அன்னிக்கு அழுவாரு. நீங்க திரும்பிப் பார்க்காம நடையைக் கட்டிடணும்."

"அங்கதாங்க சறுக்குது. ரெண்டு தடவை பெட்டியைக் கட்டிப் பிரிச்சாச்சு."

"இந்தத் தடவை விட்டுடாதீங்க. நானே நேர்ல வந்து பேசறேன்."

மறுநாள் கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க! என் சாக்ஸ் எங்கம்மா?" என்று கத்திக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

எண்பது வயது அம்மா ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். போனில் கேட்ட அதே குரல்.

ஆலோசகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ, இல்லத்துக்கு வரப்போறது..."

"நான்தாங்க. ரூம் சாவிகூட வாங்கிட்டேன்," என்றார் அம்மா ரகசியமாக. "ஆபீஸ்ல எண்பது பேரை மேய்க்கறான். ஆனா நான் போறேன்னு சொன்னா தாங்க மாட்டான். பக்குவமா நீங்களே சொல்லிடுங்க. அவன் அழ ஆரம்பிக்கறதுக்குள்ள நான் டாக்ஸியில ஏறிடறேன்!"