கேட்காமல் எடுத்தது

பாட்டு வெளியீடு தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஜீவிதா படியேறி வந்த வேகத்தில் நேராக மேடைக்குப் போய், அங்கே நிறுத்தியிருந்த பேனரின் முன்னால் நின்றாள்.

போனில் பார்த்தபோது இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண். கொஞ்சம் நீளமான கழுத்து. பாதி மூடிய கண். சேலைக் கரையில் கிறுக்கினாற்போல நீலக் கோடுகள். வலது கையில் ஒரு டிபன் பாக்ஸ். எட்டு வருஷமாக ஜீவிதா வரைந்துவரும் பெண் அது. மைசூரில் படம் போடுகிறவர்கள் யாரிடம் காட்டினாலும் அவள் பேரைத்தான் சொல்வார்கள்.

ஆனால் இந்தப் படத்தை அவள் வரையவில்லை.

பாட்டு ஹேமந்துடையது. எந்தக் கம்பெனியையும் நம்பாமல், தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி வெளியிடுகிறவன். முதல் இரண்டு பாட்டுகளுக்கும் அட்டைப்படம் ஜீவிதாதான். இரண்டு தடவையும் சரஸ்வதிபுரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினார்கள். யார் பாட்டைக் கேட்டு அவன் பாட வந்தான், யாரைப் பார்த்து அவள் வரைய வந்தாள் என்று.

மூன்றாவது பாட்டுக்கு அவன் கூப்பிடவில்லை. காலையில் அழைப்பிதழ் மட்டும் போனுக்கு வந்தது, இந்தப் படத்தோடு.

அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாயந்திரம் ஸ்கூட்டரை வெளியே தள்ளியபோது, போகிற இடத்தில் மகள் என்ன ரகளை செய்வாளோ என்று பயந்து, அம்மா பாப்பம்மாளும் பின்னால் ஏறிக்கொண்டாள். இப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஹேமந்த் சிரித்தபடி அருகில் வந்தான். யார் வரைந்தது என்று ஜீவிதா கன்னடத்தில் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வாயில் வரும்.

அவன் ஒளிக்கவில்லை. அவளுடைய பழைய படங்கள் முப்பதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அதேபோல ஒன்று போடச் சொன்னானாம். அவள் மேல் உள்ள மரியாதையால்தான் அவள் ஸ்டைலையே எடுத்துக்கொண்டானாம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்த இருபது முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஸ்டைலுக்கு யாரு பட்டா வாங்கி வெச்சிருக்காங்க, ஜீவிதா? நான் பத்துப் பேர் பாட்டைக் கேட்டுத்தான் பாட வந்தேன். நீங்களும் பத்துப் பேரைப் பாத்துத்தானே வரைய வந்தீங்க?"

அவன் சொன்னது உண்மைதான். அதுதான் இன்னும் எரிந்தது. அந்தக் கழுத்து ஒரு மளிகைக்கடைக் காலண்டரிலிருந்து வந்தது. அந்தக் கண், கல்லூரியில் மேல்வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்ததைப் பார்த்துப் பழகியது. டீக்கடையில் அவளே அவனிடம் சொன்ன விஷயங்கள். அவள் கையைக் கொண்டே அவள் கண்ணைக் குத்துகிறான்.

அவள் சமாதானமாகிவிட்டாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்றும் உங்களுக்கு ஈடாகாது என்றான். வலது கையை மட்டும் அதற்குப் போடவே தெரியவில்லையாம். எத்தனை தடவை போட்டாலும் மூன்று விரல்தான் வந்ததாம். கடைசியில் அவனே உட்கார்ந்து மீதி இரண்டையும் சேர்த்துச் சரிசெய்தானாம்.

ஜீவிதா பேனரைப் பார்த்தாள். டிபன் பாக்ஸைச் சுற்றி ஐந்து விரல்கள், நகம் முதற்கொண்டு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நஞ்சன்கூட்டில் ஒரு மில்லில் பாப்பம்மாளின் வலது கை மெஷினுக்குள் போனது. சுண்டுவிரலும் மோதிர விரலும் திரும்பி வரவில்லை. அதன்பிறகு ஜீவிதா வரைந்த எந்தப் பெண்ணுக்கும் வலது கையில் மூன்று விரல்தான். கவனித்த சிலர் அதையும் ஸ்டைல் என்றார்கள். இரண்டு அட்டைப்படங்களை வாங்கி வைத்திருந்தவன் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது அவள் கத்திவிட்டாள். நான் வரைகிற மூன்று விரல் கை யாரையும் பார்த்துப் பழகியதில்லை, அது என் அம்மாவின் கை, போய்ப் பார் என்று கடைசி வரிசையைக் காட்டினாள். மெஷின், மில், ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாள், ஒன்றையும் விடவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை தலையும் பாப்பம்மாளின் பக்கம் திரும்பியது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஹேமந்த் இரண்டு தடவை சொன்னான். பிறகு குனிந்து, பேனரின் கொக்கியைத் தானே கழற்றத் தொடங்கினான்.

வலது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு பாப்பம்மாள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். பேனரில் இருந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கழற்ற வேண்டாம் என்று ஹேமந்திடம் தலையசைத்தாள். பிறகு மகளுக்கு மட்டும் கேட்கிறாற்போலச் சொன்னாள்:

"எட்டு வருசமா ஊருக்கெல்லாம் காட்டிட்டு இருக்கியே கண்ணு, ஒருக்காவாச்சும் என்னையக் கேட்டியா? அந்தத் தம்பியாச்சும் அஞ்சு வெரல் வெச்சுக் குடுத்துச்சு."