வரிசை முக்கியம்

“விஞ்ஞானி ஆவணும்னா மொதல்ல என்னா வேணும், அண்ணே?” என்று கேட்டாள் சித்தப்பா மகள் ஆரோக்கியசெல்வி.

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல் சத்தியராஜ் தொண்டையைச் செருமினான். அந்த எழுபதுகளில் பெங்களூரில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன். ஒரு மாத லீவில் ஆரணிக்கு வந்தவன், வீட்டில் தங்காமல் சேத்துப்பட்டு, தேசூர், சந்தவாசல் என்று ஊர் ஊராகப் போய் இளைஞர்களுக்கு அறிவுரை வழங்கினான். சந்தவாசலில் அவன் பேச ஆரம்பித்தபோது அடைக்கு உட்கார்ந்த கோழி, பேச்சு முடிவதற்குள் குஞ்சுகளோடு எழுந்து போனதாகக் கேள்வி.

“கூர்ந்து பாக்கணும் செல்வி. கண்ணு முன்னாடி இருக்கற எதையும் விடக்கூடாது. இதோ, எங்கம்மா புதுப் புடவைய பாரு. பார்டர்ல மாங்காயும் இல்ல, மயிலும் இல்ல. எறும்புக் கூட்டம் வழி தெரியாம ஓடன மாதிரி ஒரே புள்ளி. எவம்பா குடுத்தான் இந்த டிசைனை?”

தறிக்குழியில் இருந்த அப்பா இன்னாசிமுத்து நிமிரவில்லை. “ஒரு பெரிய படிப்பாளி.”

“இந்த மூளைய வெச்சிகினு எப்டி பாஸ் பண்ணான்?”

“அதான் எனக்கும் புரியல.”

அம்மா சூசைமேரி முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டாள். “உனுக்கு என்னாடா தெரியும்? ஞாயித்துக்கெழம பூசையில ஒருத்தியும் சாமியார பாக்கல. என் பார்டரத்தான் பாத்துகினு இருந்தாளுங்க. ஊருக்குக் கெளம்பறவன் பெத்தவ கால்ல வுழுந்து ஆசீர்வாதம் வாங்கக் காணோம், பேச வந்துட்டான்.”

சத்தியராஜ் அதைக் கேளாதவனாய், பரணிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இறக்கினான். உள்ளே ஓட்டை ஓட்டையாய் மெல்லிய அட்டைகள்.

“என் மூணு வருஷ உழைப்பு. இந்த ஓட்டைங்கள படிச்சித்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். நாளைக்கி இதை அங்க குடுத்தா டாக்டர் பட்டம். குடுக்கலன்னா என் இடம் வேற ஆளுக்குப் பூடும். ஒரு அட்டை இடம் மாறினாலும் எல்லாம் காலி. அதனால ரெண்டாவது அறிவுரை, வரிசை முக்கியம்.”

அழுத்தத்துக்காக, பெட்டியை வைத்திருந்த பலகையில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

பெட்டி எகிறிக் கவிழ்ந்தது. அட்டைகள் அடுப்பங்கரைக்கும், கோழிக்கூண்டுக்கும், ராட்டைக்கும் பறந்தன. ஒன்று நேராகப் போய் ரசத்தில் குதித்தது.

“நம்பர் போட்டு வெச்சிருப்பியே, அண்ணே?”

“போடல. ஞாபகம் இருக்கும்னு…” சத்தியராஜ் அப்படியே தரையில் சரிந்தான். “மூணாவது அறிவுரை செல்வி. விஞ்ஞானி ஆவாதே. பஸ் கண்டக்டராப் போ.”

தறிச் சத்தம் நின்றது.

“பேஜார் பண்ணாதடா,” என்றார் இன்னாசிமுத்து. “நீ ஊர் ஊரா பேசிகினு இருந்தப்ப பெட்டிய தொறந்து பாத்தேன். ஓட்டை போட்ட அட்டைன்னா நமக்கு என்னா? தறிமேல மாட்டற பார்டர் டிசைன்தானே, ஓட்டைய பாத்துத்தானே தறி நெய்யும். புள்ள அப்பனுக்கு ஆசையா கொண்டாந்திருக்கான்னு நெனச்சேன். உன் அட்டை நோஞ்சானா இருந்துச்சி. அதே ஓட்டைங்கள கெட்டி அட்டையில குத்தி, வரிசையா கோத்து, தறியில ஏத்திட்டேன்.”

சத்தியராஜ் துள்ளி எழுந்தான். “எங்கப்பா அது? ஜல்தி குடு.”

“கோத்த அட்டை ஆர்டரோட தேசூர் தறிக்குப் போயிடுச்சி. அதுக்கு ஏன் அலையறே? அந்தப் படிப்பாளியே நீதான்டா. உன் மூணு வருஷமும் வரிசை மாறாம, பார்டரா உங்கம்மா இடுப்ப சுத்திகினு நிக்குது.”

அடுத்த நொடி சத்தியராஜ் அம்மாவின் காலடியில் தடாலென்று விழுந்தான்.

“நல்லா இருடா கண்ணு,” என்று கண் கலங்க அவன் தலையில் கை வைத்தாள் சூசைமேரி.

“அசையாதம்மா,” என்றது கீழிருந்து குரல். “மொத வரி படிச்சிட்டேன்… இப்ப லேசா திரும்பு.”