தொட்டியில் வராத செடி

பால்கனித் தொட்டியில் நட்ட மூலிகைச் செடி மறுபடியும் பட்டுப்போயிருந்தது. கணவருக்கு அழாத குறை. அந்த இலையை மெல்ல ஆரம்பித்த பிறகுதான் அவருடைய சர்க்கரை மளமளவென்று இறங்கியிருந்தது.

“நம்ம வீட்டு மண்ணு அதுக்கு ஒத்துக்கலைங்க. ஏரிக்கரைக்கே போய்ப் பறிச்சு மெல்லுங்க,” என்றாள் மனைவி.

“வண்டியிலயாவது போறேனே?”

“ஒத்தையடிப் பாதையில வண்டி எங்க போகும்?”

இன்னொரு கன்றைத் தொட்டியில் நட்டுவிட்டு, முனகிக்கொண்டே கிளம்பினார்.

தெருமுனையில் அவர் தலை மறைந்ததும் டாக்டரின் போன் வந்தது.

“சர்க்கரை இவ்வளவு குறைஞ்சிருக்கே! அப்படி என்னம்மா மூலிகை அது?”

“வெறும் காட்டுக்கீரை டாக்டர். போக வர ஒரு மணி நேர நடை. நீங்க தொண்டை கிழியச் சொல்லியும் நடக்காத மனுஷனாச்சே!”

போனை வைத்தவள், கொதிக்கக் கொதிக்க வெந்நீரை எடுத்துக்கொண்டு புதுக்கன்றிடம் போனாள்.