சிலந்தியின் தொழில் எண்

தொழில் பதிவு அலுவலகத்தில் அன்று இருந்தவர்கள் மூவர்: எழுத்தராகிய ஆமை, தன் தொழிலைப் பதிவு செய்ய வந்த சிலந்தி, அதன் வேலைப்பாட்டைத் தூரத்திலிருந்து மெச்சி, சாட்சிக் கையெழுத்திட இசைந்து வந்த ஈ.

படிவத்தில் தொழில் வகை எண்ணுக்குரிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"நெசவு என்றே எழுதுங்கள், ஐயா. எங்கள் குலத்தில் யாரும் தறியைத் தொட்டதில்லை, நூலை வெளியே வாங்கியதுமில்லை" என்றது சிலந்தி.

"நல்லது, அம்மா. துணியை யாருக்கு விற்கிறீர்கள்?"

"விற்பதா? என் நெசவுக்கு விலை சொல்ல யாருக்குத் தகுதி உண்டு?"

"அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன வழி? எது சோறு போடுகிறதோ, அந்தத் தொழிலின் எண்ணைத்தான் நான் எழுத வேண்டும்."

சிலந்தி எட்டுக் கால்களிலும் நிமிர்ந்து நின்றது.

"என் இழையின் உறுதியை ஊரில் கேட்டுப் பாருங்கள். ஒருமுறை தொட்டவர் எவரும் இன்றுவரை வீடு திரும்பியதில்லை!"

ஆமை தொழில் எண் புத்தகத்தில் நெசவுப் பக்கத்தைப் புரட்டித் தள்ளி, 'இறைச்சி' என்ற தலைப்பின் கீழிருந்த எண்ணை எழுதியது.

"சாட்சி கையெழுத்திடலாம். அது இல்லாவிட்டால் பதிவு செல்லாது."

ஈ படிவத்தை முழுவதும் படித்தது. பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தது.