எழுந்து நின்ற சுடர்

“சுத்தம் பண்ண வந்தியா, இருந்ததையும் கெடுக்க வந்தியா?”

நிவெஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

அடுப்பைச் சுத்தம் செய்ய வந்த தமாரா, வீட்டைச் சூடாக்கும் கணப்படுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். வருடாந்தரச் சுத்தம் முடிந்து, சாம்பலை உறிஞ்சி எடுத்து, புகைக்குழாயைத் துடைத்து, இப்போதுதான் பற்ற வைத்திருந்தாள்.

மரத்தூளை அழுத்திச் செய்த குட்டிக் குச்சிகள் மேலேயிருந்து பொலபொலவென்று விழுந்தன. தீயும் பிடித்தது. ஆனால் அது தூக்கக் கலக்கத்தில் தள்ளாடுகிற தீ. செக்கச்செவேலென்று நீண்டு, நுனியில் கரும்புகை கக்கியது. கண்ணாடி அதற்குள் மங்க ஆரம்பித்துவிட்டது.

“நேத்து வரைக்கும் ஜம்முனு எரிஞ்சுது. வெளிய பாரு, முழங்கால் அளவு பனி. இந்த மனுஷன் குளிர்ல விறைச்சுப் போனா யார் பதில் சொல்றது?”

இந்த மனுஷன் என்று நிவெஸ் சொன்னது தன் கணவர் சில்வானோவை. மலைப்பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். கோடையில் பக்கவாதம் வந்து வலது கை துவண்டுபோனது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. பிடித்துக்கொண்டு நடக்கலாம், பேச்சும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் மனுஷர் ஜன்னலோர நாற்காலியே கதியென்று ஆகிவிட்டார். வாயே திறப்பதில்லை. சட்டை மாட்டுவது, சூப் ஊட்டுவது, வாய் துடைப்பது எல்லாம் நிவெஸ்தான்.

“இன்னொரு தடவை பார்த்துடறேம்மா.”

தமாரா அடுப்பை அணைத்து ஆறவிட்டாள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தாள். தாள் வரவில்லை. காற்றுக் கசிவு இல்லை. சாம்பல் தட்டு இறுக்கமாக மூடியிருந்தது. வெளியே போய்க் காற்றுக்குழாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை.

மறுபடி பற்ற வைத்தாள். அதே தள்ளாட்டம். அதே கரும்புகை.

“உன் முதலாளிக்குப் போன் போடறேன். கத்துக்குட்டியை எல்லாம் அனுப்பிட்டு...”

தமாரா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“சில்வானோ ஐயா, நீங்க சொல்லுங்க. இதுல என்ன குத்தம்?”

“அவரை ஏம்மா இழுக்கறே? முடியாத மனுஷன். அவருக்கு என்ன தெரியப்போகுது?”

“அவர் அடுப்பும்மா. போன வருஷம் வரைக்கும் அவர்தானே சுத்தம் பண்ணிட்டிருந்தாரு? எனக்குப் பிடிபடலை ஐயா. நிஜமா.”

சில்வானோ தீயையே பார்த்தார். பிறகு அவருடைய இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

எழுந்துவிட்டார்.

“ஐயோ, விழுந்துடப் போறீங்க! உக்காருங்க!”

ஓடிவந்த நிவெஸின் தோளைத் தமாரா மெல்லப் பிடித்து நிறுத்தினாள். சில்வானோ சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, அடுப்பு வரை வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

அடுப்பு ஆறும்வரை மூவரும் காத்திருந்தார்கள். தமாரா தன் தோல் கையுறையை அவருடைய இடது கையில் மாட்டிவிட்டாள்.

அவரே கதவைத் திறந்தார். தீ எரிகிற இரும்புக் கிண்ணத்தை, அடியெல்லாம் துளைபோட்ட கிண்ணத்தை, லேசாக ஆட்டினார். அது ஆடியது. தூக்கி, கொஞ்சம் திருப்பி, பள்ளத்தில் வைத்து அழுத்தினார்.

‘டக்’கென்று உட்கார்ந்தது.

“காத்து...” என்றார் சில்வானோ.

நிவெஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கிண்ணம்... சரியா உக்காரலை. காத்து... துளை வழியா வராம... பக்கத்துல ஓடுது.”

பல நாள் பூட்டிக்கிடந்த பஸ்ஸைக் கிளப்பின மாதிரி கரகரவென்று இருந்தது குரல். ஆனால் அவர் குரல்தான்.

தமாரா பற்ற வைத்தாள். முதலில் ஒரு பொட்டு. பிறகு கீழேயிருந்து காற்று சீறிக்கொண்டு வர, சுடர் ஒரே மூச்சில் எழுந்து நின்றது. பளீரென்ற மஞ்சள், துளிப் புகை இல்லை. அந்த வெளிச்சம் சில்வானோவின் முகம் முழுக்க விழுந்தது. நிவெஸுக்கு அடுப்பைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. கோவிலில் நிற்கிற மாதிரி நின்றாள்.

“எரியுது பாரு, நிவெஸ்.”

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த தமாராவிடம் நிவெஸ் பனியில் ஓடிவந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

“கண்டபடி பேசிட்டேம்மா, மனசுல வச்சுக்காதே. உன் முதலாளிகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன். கை தவறுறது எல்லாருக்கும் சகஜம். நீ தெரியாம பண்ண தப்பு எனக்கு வரமாப் போச்சு.”

தமாரா வண்டியின் பின்கதவைச் சாத்தினாள்.

“தெரியாம இல்லம்மா. நான் சாம்பல் வாரிட்டிருந்தப்போ, பிரஷ்ஷை வாங்கிக்க ஐயா இடது கையை நீட்டினாரு. நீங்க ஓடிவந்து அந்தக் கையைப் பிடிச்சு மடியில வச்சுப் போர்வையால மூடிட்டீங்க. அதுக்கப்புறம்தான் வேணும்னே கிண்ணத்தைக் கோணலா வச்சேன்.”