கடைசியாக ஒட்டிய அம்மா

"சாஃப்ட்வேர் அப்டேட் போட்டதிலேர்ந்து ஒரு க்ளிக்குக்கு மூணு நிமிஷம் வட்டம் சுத்துது சார்." ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் சுகிர்தா போனில் சொன்னது, திரையில் இருந்த கல்யாணப் படத்துக்குக் கேட்டது.

"வேண்டாத லேயரை மறைச்சுப் பாரும்மா. அஞ்சு மணிக்கு பிரிண்ட் போயாகணும்" என்றார் முதலாளி.

படம் நான்கு லேயராக, ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தது. அடியில் அரண்மனை, அதன் மேல் மணமக்கள், அவர்களைச் சுற்றிப் பொன் மினுக்கு. கடைசியாக ஒட்டியது, மணப்பெண்ணின், போன வருஷம் இறந்துபோன அம்மாவை. "அம்மா என் பின்னாடி நிக்கணும்" என்று பெண் கேட்டிருந்தாள்.

"நம்ம யார் மேலயும் தப்பில்ல. அப்டேட்தான் காரணம்" என்றாள் அம்மா.

"அதை யாரு கேக்கறது? நம்மள்ல ஒருத்தர்தான் போகணும்" என்றது அரண்மனை.

"கடைசியா வந்தவங்கதான் முதல்ல போகணும்" என்றது பொன் மினுக்கு.

"நான் ரேஷன் கார்டுலேர்ந்து வெட்டின படம். நகத்தளவுதான். என்னால என்ன பாரம்?"

"அதான். போனாலும் தெரியாது" என்றது மினுக்கு.

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தா அம்மாவை மறைத்தாள். வட்டம் அப்படியே சுற்றியது. அடுத்து மினுக்கை மறைத்தாள். படம் மங்கிப்போனது, உடனே மினுக்கைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதற்குள் மணி நாலு ஐம்பத்தெட்டு. அம்மாவைத் திரும்பக் கொண்டுவராமல் படத்தை அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினாள்.