ஒன்பது மணி வெயில்

"பாருங்க, பாருங்க! இன்னிக்கு அந்தம்மா கை ஆட்டறாங்க!"

அவளும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கை ஆட்டினாள். பக்கத்து மேசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேகம், அது போட்டோ. அதுக்கெல்லாம் டாட்டா காட்டாதே."

ஆபீஸில் அவளுக்கு மேகம் என்றுதான் பெயர். ட்ரோன் வானத்திலிருந்து எடுத்த படத்தில், இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோல் கொண்டுபோய் உட்காரவைப்பது அவள் வேலை. நாள் முழுக்கக் கூரைகளுக்கு மேலேயே மிதந்தால் பெயர் வேறென்ன வரும்?

மூன்று நாள், காலை ஒன்பது மணிக்கு எடுத்த படங்கள். கட்டடம் வரப்போகும் காலி மனைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. மொட்டைமாடியில் ஒரு நாற்காலி. மூன்று நாளும் அதில் மஞ்சள் சால்வை போர்த்திய ஒரு அம்மாள், வெயிலுக்கு முகத்தைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சுவரில் இரண்டு ஊன்றுகோல்கள்.

மேகம் தினமும் மனசுக்குள் அந்த மாடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். தரை இளஞ்சூடாக இருக்கும். கீழே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்கும். சத்தம் அவள் கற்பனைதான். வெயில் மட்டும் நிஜம்.

எட்டு மாடிக் கட்டடத்தைப் படத்தில் நிறுத்தினாள். படத்தில் உள்ள மற்ற நிழல்களோடு ஒத்துப்போக வேண்டுமே என்று, அதற்கும் ஒன்பது மணிச் சூரியனையே வைத்தாள்.

கட்டடத்தின் நிழல் நீண்டுபோய் நாற்காலியை அப்படியே விழுங்கிவிட்டது.

அவள் உடனே படத்தை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினாள். கட்டடத்தை வடிவமைத்தவர் அவர்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு.

"சார், இந்த நாற்காலியைப் பாருங்களேன். காலையில அவங்களுக்கு இருக்கிறதே இந்த வெயில்தான்."

"ம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது.

"கட்டடத்தோட புது மாடல் அனுப்பியிருக்கேன். பின்வீட்டு மாடியில் நிழல் இருக்கக் கூடாது. நாளை பத்து மணிக்கு மீட்டிங்."

நடு வரியைப் படித்ததுமே, நிழலைப் படத்தில் மட்டும் மறைக்கச் சொல்கிறார் என்று மேகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு முதல் வரி எங்கே கண்ணில் படும்?

"எல்லாம் அந்த 'இன்னும் ரெண்டு' வேலையாத்தான் இருக்கும்" என்றாள்.

'இன்னும் ரெண்டு' என்பது அந்த மனையின் சொந்தக்காரர். ஆறு மாடி என்று வந்தவர், "இன்னும் ரெண்டு போடலாமே" என்று எட்டாக்கிவிட்டார். பிஸ்கட் தட்டை நீட்டினாலும் இன்னும் ரெண்டு கேட்பார்.

மேகம் பழைய படத்தையே திறந்தாள். பக்கத்து மாடியிலிருந்து கொஞ்சம் வெளிச்சமான தரையை எடுத்து, நிழலின் மேல் பூசினாள். ஒரு மணி நேரத்தில் நாற்காலி பளிச்சென்று ஆகிவிட்டது. அவள் முகம்தான் இருண்டுபோயிருந்தது.

சாயங்காலம் வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்த கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"ஏங்க, இது அநியாயம் இல்லையா? படத்துல வெயிலைக் காட்டிட்டு அந்தம்மாவை நிழல்ல தள்ளப் போறாங்க. மனுஷங்களா இவங்க?"

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வேலை போயிடும்."

"அப்போ அழிச்சுட்டே?"

"...ம்."

"அப்புறம் அவங்களை மட்டும் ஏன் திட்டறே?"

அவள் ஒரே தலையணை உறையை மூன்று தடவை மடித்தாள்.

விடியற்காலையில் ஒரு கனவு. அவள் மெல்ல மிதந்து வந்து அந்த மொட்டைமாடியில் இறங்கினாள். மஞ்சள் சால்வை அம்மாள் கையை வெயிலில் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பளபளன்னுதான் இருக்கு. ஆனா சூடே இல்லையேம்மா" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு மீட்டிங் அறையின் பெரிய திரையில் படம் விரிந்தது. ஊரே இளவெயிலில் கிடந்தது. மனைக்காரர் எழுந்து திரைக்கு அருகில் போனார். முதலில் நாற்காலியைப் பார்த்தார். பிறகு விரலை வைத்து மாடிகளை எண்ணத் தொடங்கினார்.

"...அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு."

மேகத்துக்குத் திக்கென்றது. இப்போது 'இன்னும் ரெண்டு' என்று ஆரம்பிப்பார்! கனவில் அந்த அம்மாள் வெயிலில் நீட்டிய கை கண்முன்னே வந்தது. வேலை போனால் போகட்டும்.

"சார், அந்த வெயில் பொய்!" என்று எழுந்துவிட்டாள். "நான்தான் பூசினேன். எட்டு மாடி நின்னா அந்தம்மா மேல வெயிலே விழாது. இதுல நான் இருக்க மாட்டேன் சார்!"

சார் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"புது மாடலைத் திறந்தே பார்க்கலையாம்மா?"

மனைக்காரர் விரலைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. எட்டாவது மாடியிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"நீ முதல்ல போட்டு, சார் கொண்டுவந்து காட்டின படத்துல அந்த நாற்காலியைப் பார்த்துட்டுதானேம்மா இந்த ரெண்டு மாடியே வேண்டாம்னு சொன்னேன்? நீ ஏன் அதைத் திரும்பக் கட்டி வச்சிருக்கே?"